பழைய பிரிட்டனில் துணி துவைத்தது எப்படி: ஏழை வீடு, நடுத்தர வீடு, பிரபு மாளிகை

கேள்வி இது: விக்டோரியா காலத்துப் படங்களில் ஆண்கள் எல்லோரும் வெள்ளைவெளேரென்ற காலரோடும், பணிப்பெண்கள் மொடமொடப்பான ஏப்ரனோடும் வருகிறார்கள். வெயில் அரிதான நாடு, ஊரெல்லாம் நிலக்கரிப் புகை, வாஷிங் மெஷின் கிடையாது. பிறகு எப்படித் துவைத்தார்கள்? பணக்காரர்கள் தினமும் சலவைத் துணி உடுத்தினார்களா, ஏழைகள் அழுக்காகவே திரிந்தார்களா?

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம். அதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். 1700களில் அடிக்கடி துவைத்தது ஏழை வீடுதான். வசதியான வீட்டில் ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை, பெரிய இடங்களில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்றுதான் துவைப்பு நடக்கும். ஆளுக்கு இரண்டு மூன்று டஜன் உள்சட்டை, அலமாரி நிறையப் படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு என்று வைத்திருப்பவர்களால் அழுக்கைச் சேர்த்துவைத்து ஒரேயடியாகத் துவைக்க முடிந்தது. ஒரு வீட்டில் வாராவாரம் துவைக்கிறார்கள் என்றால் அங்கே மாற்றுத்துணி இல்லை என்று அக்கம்பக்கத்தார் கணக்குப் போட்டுவிடுவார்கள். நார்ஃபோக் மாவட்டத்தில் வெஸ்டன் லாங்வில் என்ற ஊரின் பாதிரியார் ஜேம்ஸ் வுட்ஃபோர்ட், 1799 ஜூனில் தன் நாட்குறிப்பில் இதைக் கணக்காகவே எழுதி வைத்திருக்கிறார். அவர் வீட்டில் ஐந்து வாரத்துக்கு ஒருமுறை துவைப்பு. துவைத்து இஸ்திரி போட்டு முடிக்க நான்கு நாள். வெளியிலிருந்து வரும் சலவைக்காரப் பெண்கள் இருவருக்குத் திங்களும் செவ்வாயும் காலைச் சாப்பாடு, மதியச் சாப்பாடு, போகும்போது ஆளுக்கு ஒரு ஷில்லிங்.

அன்று துவைத்தார்கள் என்றால் எதைத் துவைத்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். மேலே போடும் கம்பளிக் கோட்டு, பாவாடை, பட்டு, வெல்வெட் எதுவும் தண்ணீரைப் பார்க்காது. தூரிகையால் தட்டி, எண்ணெய்க் கறை பட்ட இடத்தில் உறிஞ்சும் களிமண் பொடி தூவித் துடைப்பதோடு சரி. வியர்வையையும் அழுக்கையும் வாங்கிக்கொள்வது உடம்போடு ஒட்டிக் கிடக்கும் லினன் (ஆளிநார்த் துணி) உள்சட்டை. அதைத்தான் மாற்றுவார்கள், துவைப்பார்கள். கழுத்திலும் மணிக்கட்டிலும் வெளியே எட்டிப் பார்க்கும் வெள்ளைத் துணி வெறும் அலங்காரம் இல்லை. உள்ளே மாற்றியிருக்கிறேன் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. கிழக்கிந்தியக் கம்பெனி சோழமண்டலக் கரையிலிருந்து கொண்டுபோன சாயவேர்ச் சிவப்புப் போட்ட பருத்தித் துணிக்கு லண்டன் பெண்கள் பறந்ததற்கும் இதில் பங்குண்டு. துவைத்தாலும் சாயம் போகாத பூப்போட்ட துணியை அவர்கள் அதற்குமுன் அதிகம் பார்த்ததில்லை. உள்ளூர் நெசவாளர்கள் கொதித்தெழுந்து, 1721இல் சட்டம் போட்டே அதைத் தடுக்க வேண்டியிருந்தது.

சோப்பு பரவலாவதற்கு முந்தைய முறை நம்மூர் வெள்ளாவிக்கு அண்ணன் தம்பி மாதிரி. அடியில் துளையும் அடைப்பானும் உள்ள பெரிய மரத்தொட்டியை முக்காலிமேல் ஏற்றி வைப்பார்கள். ஊறவைத்த லினன் துணிகளை மடித்து அடுக்கி, மேலே ஒரு முரட்டுத் துணியை விரித்து, அதன்மேல் சலித்த விறகுச் சாம்பலைப் பரப்பித் தண்ணீர் ஊற்றுவார்கள். சாம்பலிலிருந்து காரம் கரைந்து, துணி வழியாக இறங்கி, அடித்துளையில் வடியும். வடிந்ததைப் பிடித்துச் சூடாக்கி மறுபடி மேலே ஊற்ற வேண்டும். இதைப் பல மணி நேரம் செய்வார்கள். முதல் ஊற்று வெதுவெதுப்பாகத்தான் இருக்க வேண்டும். எடுத்தவுடன் கொதிநீர் விட்டால் வியர்வையும் இரத்தக் கறையும் நூலிலேயே வெந்து உறைந்துவிடும், பிறகு எதற்கும் போகாது. ஊற்ற ஊற்றச் சூட்டைக் கூட்டிக்கொண்டே போவார்கள். கறை பிடிவாதமாக இருந்தால் புளிக்கவைத்த சிறுநீர் ஊற்றுவதும் உண்டு. அதிலுள்ள அம்மோனியா எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும். அருவருப்பாகத் தோன்றலாம், ஆனால் காசில்லாமல் எல்லா வீட்டிலும் கிடைக்கும் காரப்பொருள் அது. கடைசியில் ஆற்றங்கரையில் மரக்கட்டையால் அடித்து அலசி, புல்தரையிலும் வேலிப் புதரிலும் விரித்து வெளுக்க விடுவார்கள்.

வேலை எப்போதும் விடியுமுன் தொடங்கும், அல்லது நள்ளிரவுக்குப் பின்னும் முடியாது. 1660 ஜனவரி 16, கடுங்குளிர் இரவில் லண்டனில் சாமுவேல் பீப்ஸ் என்ற அரசு ஊழியர், இரவுக் காவலர் மணி ஒன்று தாண்டிவிட்டதென்று கூவிப்போகும் வரை விழித்திருந்துவிட்டுப் படுக்கப் போனார். அப்போதும் மனைவியும் வேலைக்காரியும் துவைத்துக்கொண்டுதான் இருந்தார்கள் என்று எழுதியிருக்கிறார். அன்று திங்கட்கிழமை. அடுத்த நூற்றாண்டில் ஹாம்ப்ஷயரின் பீட்டர்ஸ்ஃபீல்டைச் சேர்ந்த மேரி கோலியர் என்ற சலவைக்காரப் பெண் 1739இல் அச்சிட்ட கவிதையில் இதே வேலையை மறுபக்கத்திலிருந்து சொல்கிறார். விடிவதற்கு வெகுமுன்பே எஜமானி வீட்டு வாசலில் நிற்பது, கை தோலுரிந்து இரத்தம் கசிவது, கடைசியில் கைக்கு வரும் ஆறு அல்லது எட்டுப் பென்னி. ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்னி. அதை வைத்து மேலே வுட்ஃபோர்ட் கொடுத்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சோப்பு ஏன் இவ்வளவு தாமதமாக வந்தது? வரிதான் காரணம். 1712இல் சோப்புக்கு வரி போட்டார்கள். அது ஏறி ஏறி ஒரு கட்டத்தில் பவுண்டுக்கு மூன்று பென்னி ஆனது. கள்ளத்தனமாகக் காய்ச்சாமலிருக்க, இரவில் சோப்புக் கொப்பரைகளின் மூடியைக் கலால் அதிகாரிகள் பூட்டிவிட்டுப் போவார்கள். 1833இல் வரி பாதியானது, 1853இல் கிளாட்ஸ்டன் நிதியமைச்சராக இருந்தபோது ஒழிந்தது. இதற்கு நடுவே இன்னொரு மாற்றமும் நடந்தது. 1823இல் ஜேம்ஸ் மஸ்ப்ராட் லிவர்பூலில் உப்பிலிருந்து சோடா எடுக்கும் ஆலை தொடங்கினார். சலவை சோடா மலிந்தது. ஆலையின் அமிலப் புகை சுற்றுவட்டாரத்துப் பயிரையும் மரத்தையும் கருக்கியதும், அதை அடக்க 1863இல் தனிச் சட்டம் வந்ததும் வேறு கதை. சோடாவும் மலிவுப் பருத்தியும் ரயிலில் வந்திறங்கும் நிலக்கரியும் சேர்ந்ததும் துவைப்பு வாராந்திர வேலையாகிவிட்டது. மூன்று மாத அழுக்கைச் சேர்த்துவைப்பது கௌரவம் என்ற நிலை போய், அது நாட்டுப்புறத்துப் பழக்கம் என்று நகரத்தார் மூக்கைப் பொத்தும் நிலை வந்தது.

இனி 1860களின் ஒரு நடுத்தர வீட்டுத் திங்கட்கிழமை. ஏன் திங்கள்? ஞாயிறு சமைத்த பெரிய இறைச்சித் துண்டு மிச்சமிருக்கும். திங்களன்று அதைக் குளிர்ந்தபடியே வெட்டிவைத்து, மிஞ்சிய உருளைக்கிழங்கையும் முட்டைக்கோஸையும் பொரித்துக் கொடுத்துவிட்டால் சமையல் முடிந்தது. அடுப்பும் ஆட்களும் துவைப்புக்குக் கிடைத்துவிடும். அதோடு அந்த நாட்டு ஈரத்தில் துணி காய்ந்து இஸ்திரியாகி அலமாரிக்குப் போக வாரத்தில் பாதி ஓடிவிடும். திங்களன்று தொடங்கினால்தான் அடுத்த ஞாயிறு தேவாலயத்துக்குச் சலவைச் சட்டை தயாராகும்.

பாத்திரம் கழுவும் பின்னறையில் செங்கல் கட்டுமானத்துக்குள் பதித்த ஒரு பெரிய கொப்பரை இருக்கும். செம்பிலோ வார்ப்பிரும்பிலோ செய்தது, பெயர் மட்டும் எல்லா வீட்டிலும் காப்பர். கீழே தனி அடுப்பு, மேலே மரமூடி. இருபது கேலன் தண்ணீர் பிடிக்கும் காப்பர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கேலன் தண்ணீர் பத்துப் பவுண்டு எடை. அதாவது இருநூறு பவுண்டுத் தண்ணீரை, ஏறக்குறைய தொண்ணூறு கிலோவை, வாளியில் தூக்கி ஊற்றினால்தான் ஒருமுறை நிரம்பும். வேகவைக்க மட்டும் இவ்வளவு. அலசத் தனியாக இரண்டு மூன்று தொட்டி. காப்பரில் குழாய் கிடையாது, வேலை முடிந்ததும் அத்தனையையும் குவளையால் மொண்டுதான் வெளியேற்ற வேண்டும்.

முதல் வேலை பிரிப்பது. படுக்கை விரிப்பும் வெள்ளை உள்துணியும் ஒரு குவியல், மெல்லிய மஸ்லின் ஒன்று, சாயத்துணி ஒன்று, கம்பளி ஒன்று, எண்ணெய்ப் பிசுக்கான அடுப்படித் துணி ஒன்று. எண்ணிக்கையைச் சலவைக் கணக்குப் புத்தகத்தில் எழுத வேண்டும். மைக்கறைக்கு ஆக்சாலிக் அமிலம், எண்ணெய்க் கறைக்கு மஞ்சள் சோப்பு, ஒயின், பழக்கறைக்குச் சாராயம் என்று கறை ஒவ்வொன்றுக்கும் ஒரு மருந்து உண்டு. வெள்ளைத்துணியைக் கொஞ்சம் சோடா கரைத்த வெதுவெதுப்பான நீரில் இரவு முழுக்க ஊறவைப்பார்கள். மறுநாள் தொட்டியில் போட்டு டாலியால் கும்முவார்கள். டாலி என்பது நீளமான கம்பின் நுனியில் சின்ன முக்காலி மாட்டியது போன்ற மரக்கருவி. மேலே இரு கைப்பிடி. அதைத் துணிக்குள் இறக்கி இடமும் வலமும் அரைச்சுற்றுத் திருப்பித் திருப்பி ஆட்ட வேண்டும். காலரையும் கைப்பட்டியையும் வரிவரியான தேய்ப்புப் பலகையில் சோப்புப் போட்டுத் தேய்ப்பார்கள். பிழிந்து, சீவிய சோப்பும் சோடாவும் கரைந்த காப்பரில் இருபது நிமிடம் போல வேகவைத்து, மரக்கோலால் எடுத்து, முதலில் சுடுநீரிலும் பிறகு குளிர்நீரிலும் அலசுவார்கள். தண்ணீரைக் கொட்டிவிட மாட்டார்கள். மஸ்லினுக்குப் பயன்பட்ட நீரில் அடுத்து விரிப்பு, அதற்கடுத்து அடுப்படித் துணி, கடைசியில் அதே நீரால் பின்கட்டுத் தரையைத் தேய்த்துக் கழுவுவார்கள்.

சோப்பை வாங்கியவுடன் போடுவதும் கிடையாது. நீளமான பாளமாக வாங்கி, கம்பியால் துண்டுபோட்டு, இடைவெளிவிட்டு அலமாரித் தட்டில் அடுக்கி வாரக்கணக்கில் உலரவிடுவார்கள். ஈரச் சோப்பு தண்ணீரில் கரைந்தே பாதி போய்விடும். உலர்ந்தது இரண்டு மடங்கு வரும்.

தவறு நேரும் இடங்கள் பல. லண்டன் தண்ணீர் சுண்ணாம்புச் சத்து நிறைந்த கடின நீர். அதில் நேராகச் சோப்புப் போட்டால் நுரைக்குப் பதில் சாம்பல் நிறப் படலம் மிதக்கும், அது துணியில் ஒட்டி வெள்ளையை மங்கடிக்கும். அதனால் தண்ணீரில் முதலில் சோடாவைப் போட்டுச் சுண்ணாம்பை இறக்கிவிட்டு, பிறகு சோப்பு. கூரை மழைநீரைப் பீப்பாயில் பிடித்துவைத்து அதை நல்ல துணிக்கென்று ஒதுக்கும் வீடுகளும் நிறைய. கிளாஸ்கோ நகரத்துக்கு 1859இல் கட்ரீன் ஏரியின் மென்னீர் வந்தபோது, சோப்புச் செலவு குறைந்ததையே அங்குள்ளவர்கள் பெரிய லாபமாகப் பேசினார்கள். சோடா கூடினால் வேறு வினை: சரியாக அலசாத துணியில் இஸ்திரி பட்டதும் பழுப்பேறும், துவைப்பவளின் விரல் மடிப்புகளில் வெடிப்பு விழும். கம்பளிக்குச் சோடாவும் கூடாது, கொதிநீரும் கூடாது, தேய்க்கவும் கூடாது. மூன்றில் ஒன்று தப்பினால் பெரியவர் போடும் ஃபிளானல் சட்டை பேரப்பிள்ளைக்குத்தான் பொருந்தும்.

நீலம் போடுவதற்கு நிதானம் வேண்டும். பருத்தியும் லினனும் துவைக்கத் துவைக்க மஞ்சள் பாய்வதால், கடைசி அலசலில் ஃபிளானல் துணியில் கட்டிய நீலக்கட்டியைப் பிழிந்து விடுவார்கள். முதலில் அவுரி நீலம், பின்னாளில் ஆலையில் செய்த அல்ட்ராமரைன். இரண்டாவது தண்ணீரில் கரையாது, தூளாக மிதந்து அடியில் படியும். துணியை அசைக்காமல் விட்டால் கீழே கிடந்த மடிப்பில் நீலக்கோடு விழுந்துவிடும். ஆகவே ஒவ்வொரு துணியாக முக்கி உடனே எடுக்க வேண்டும். இன்னொரு பொறி மலிவு நீலத்தில் கலந்திருக்கும் பிரஷ்யன் நீலம். அதில் இரும்பு இருக்கிறது. சோப்புக் காரம் மிச்சமிருக்கும் துணியில் பட்டால் அது சிதைந்து துருப்புள்ளிகளாக இறங்கும். வெளுக்கப் போட்ட நீலம் துருவாக மாறி வந்தால் வேலைக்காரிமேல்தான் பழி விழும். ஹல் நகரத்து ரெக்கிட் நிறுவனம் பெயர் வாங்கியது இந்த நீலத்திலும் கஞ்சி மாவிலும்தான். நம் வீடுகளில் இருந்த ராபின் நீலம் அதே வம்சம்.

கஞ்சி இரண்டு வகை. ஏப்ரன், திரைச்சீலைக்கெல்லாம் வெந்த கஞ்சி: மாவைக் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் குழைத்து, கிளறிக்கொண்டே கொதிநீர் ஊற்ற, பால்நிறம் போய்க் கண்ணாடி போலாகும் கணத்தில் நிறுத்த வேண்டும். துளி மெழுகு சேர்த்தால் இஸ்திரி ஒட்டாது. காலருக்கும் சட்டையின் நெஞ்சுப் பகுதிக்கும் வேகாத பச்சைக் கஞ்சி, போராக்ஸ் என்ற வெண்காரம் கலந்து. அது சூடான இரும்பு படும்போது நூலுக்குள்ளேயே வெந்து அட்டை போல விறைக்கும். மேற்பரப்பில் மாவுத்துகள் நின்றால் இரும்பில் ஒட்டிக் கருகிப் பழுப்புச் செதிலாகப் பெயரும். அதனால் தேய்க்குமுன் ஈரத்துணியால் ஒருமுறை துடைப்பார்கள். அதன்பின் அடிப்பக்கம் உருண்ட மெருகு இரும்பால் அழுத்தித் தேய்த்தால்தான் அந்தக் கண்ணாடிப் பளபளப்பு வரும்.

இஸ்திரிப்பெட்டிக்குள் கரி போடுவது அங்கே பெரும்பாலும் பழக்கமில்லை. கைப்பிடியோடு வார்த்த கட்டி இரும்புகள் இரண்டு மூன்று அடுப்பில் சூடாகிக்கொண்டிருக்கும், ஒன்று ஆறினால் அடுத்ததை எடுப்பார்கள். சூடு சரியா என்று பார்க்க எச்சில் துளி. உருண்டு ஓடினால் தயார், அங்கேயே பொரிந்து நின்றால் இன்னும் காய வேண்டும். நிலக்கரி அடுப்பின் புகைக்கரி இரும்பின் அடியில் ஒட்டியிருக்கும், துடைக்க மறந்தால் முழுத் துவைப்பும் வீண். பெட்டி வகை ஒன்றும் உண்டு. அதற்குள் நெருப்பில் பழுக்கக் காய்ச்சிய இரும்புத் துண்டைச் செருகுவார்கள். கரி துணியைத் தொடாது, விலைதான் கூட.

இந்த வேலையையெல்லாம் நடுத்தர வீட்டு அம்மணி தன் கையால் செய்தாளா? முடிந்தவரை இல்லை. நாள்கூலிக்குச் சலவைக்காரி வருவாள், கூலியோடு சாப்பாடும் பீரும். அல்லது மூட்டை கட்டி வெளியே போகும். உண்மையில் திண்டாடியது நடுத்தரத்தின் அடித்தட்டு: ஒரே வேலைக்காரப் பெண் வைத்திருக்கும் எழுத்தர் குடும்பம். அங்கே கதவைச் சாத்திக்கொண்டு மனைவியும் அந்தப் பெண்ணோடு சேர்ந்து கும்முவாள். அன்று யாரும் விருந்தாளியாக வரக்கூடாது என்பது எழுதாத விதி. எழுத்தரின் வெள்ளைக் காலருக்கும் ஒரு தந்திரம் இருந்தது. காலரும் கைப்பட்டியும் பித்தானில் கழற்றி மாட்டுபவை. தினம் ஒரு காலர், சட்டை வாரத்துக்கு ஒன்றிரண்டு. நெஞ்சுப் பகுதிக்கு மட்டும் ஒரு விறைப்புத் துண்டைக் கட்டிக்கொண்டால் கோட்டுக்குள் இருக்கும் சட்டையை யாரும் பார்க்கப் போவதில்லை. 1870களுக்குப் பின் செல்லுலாய்டு காலர் வந்தது. ஈரப் பஞ்சால் துடைத்தால் போதும், கஞ்சி வேண்டாம். எளிதில் தீப்பிடிக்கும் என்பதுதான் ஒரே வருத்தம். ஆகவே படத்தில் பார்க்கும் வெள்ளைக் காலரை வைத்து உள்ளே எத்தனை நாள் சட்டை என்று முடிவுகட்ட முடியாது.

ஏழை வீட்டுக்கு வருவோம். லண்டன், லிவர்பூல், மான்செஸ்டர் சந்துகளில் ஒரே அறையில் ஒரு குடும்பம். காப்பர் கிடையாது, பின்னறை கிடையாது. தண்ணீர் முற்றத்துப் பொதுக்குழாயில். 1800கள் முழுக்க லண்டனில் தனியார் கம்பெனிகள்தான் தண்ணீர் விட்டன. அந்த நூற்றாண்டின் நடுப்பகுதி வரை சில சந்துகளில் வாரத்தில் மூன்று நாள், அதுவும் ஒரு மணி நேரத்துக்குக் குறைவாக. கிடைத்ததை வாளியிலும் பானையிலும் பிடித்து அதே அறையில் வைத்திருப்பார்கள். சமைக்கும் பாத்திரத்திலேயே துணியை வேகவைத்து, குறுக்கே கட்டிய கொடியில் கட்டிலுக்கு மேலேயே காயப்போடுவார்கள். சுவரில் நீர் வழியும், குழந்தைக்கு நெஞ்சுச் சளி. வெளியே சந்தின் குறுக்கே கட்டினால் புகைக்கரி விழுந்து மறுபடி துவைக்க வேண்டும். ஒரே உடை இருக்கும் பிள்ளையைச் சனிக்கிழமை இரவு போர்வைக்குள் தள்ளிவிட்டு, துவைத்து அடுப்பருகே காயவைத்து ஞாயிறு காலையில் மாட்டிவிடுவது சாதாரணம். நல்ல உடை இருந்தாலும் அது வீட்டில் தங்காது. திங்களன்று மூட்டையாக அடகுக்கடைக்குப் போய், கூலி வந்த சனிக்கிழமை மீண்டுவரும். துவைத்து இஸ்திரி போட்டிருந்தால் அடகுக்காரர் கொஞ்சம் கூடத் தருவார் என்பதால் அதற்காகவே துவைத்த பெண்களும் உண்டு.

இதில் ஒரு பெயரைச் சொல்லாமல் போக முடியாது. கிட்டி வில்கின்சன், அயர்லாந்திலிருந்து பிள்ளைப்பருவத்தில் வந்து, லங்காஷயர் பஞ்சாலையில் உழைத்து, பிறகு லிவர்பூலில் துணி துவைத்துப் பிழைத்தவர். 1832இல் காலரா வந்தபோது அந்தத் தெருவில் கொதிநீர்க் கொப்பரை இருந்தது அவர் வீட்டில். வாரத்துக்கு ஒரு பென்னி வாங்கிக்கொண்டு அக்கம்பக்கத்தார் துணியையும் படுக்கையையும் அங்கே துவைக்க விட்டார். கிருமி என்ற கருத்தே மருத்துவர்களிடம் இல்லாத காலம் அது. ஆனாலும் குளோரைடு சுண்ணாம்பு என்ற வெளுப்புத் தூளும் கொதிநீரும் பட்ட துணி நோயைப் பரப்பாது என்பது கைப்பழக்கத்தில் தெரிந்திருந்தது. 1842இல் லிவர்பூல் நகரசபை ஃபிரெடரிக் தெருவில் பொதுச் சலவைக்கூடம் திறந்தது, 1846இல் பொதுக் குளியல், சலவைக்கூடச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் கிட்டியும் கணவரும் அந்தக் கூடத்தின் பொறுப்பாளர்களானார்கள்.

அந்தக் கூடங்களில் ஆளுக்கொரு மரத்தடுப்பு, அதில் சுடுநீர், குளிர்நீர்க் குழாயோடு ஒரு தொட்டி, நீராவியில் வேகும் கொப்பரை. கட்டணம் மணிக்கணக்கில், ஒரு பென்னியிலிருந்து. அங்கே எனக்குப் பிடித்த சாதனம் காயவைக்கும் சட்டம்: சுவரோடு சுவராக நிற்கும் உயரமான இரும்புச் சட்டத்தை வெளியே இழுத்து, துணியைத் தொங்கவிட்டு, வெந்நீர்க் குழாய் ஓடும் அறைக்குள் மறுபடி தள்ளிவிடுவார்கள். மழையோ புகையோ தொடாது. பழைய குழந்தை வண்டியில் மூட்டையை ஏற்றிக்கொண்டு வந்து, சில மணி நேரத்தில் காய்ந்த துணியோடு திரும்பலாம். ஆனாலும் பரம ஏழைகள் அங்கே வரத் தயங்கினார்கள். கிழிசலையும் ஒட்டுப்போட்டதையும் நாலு பேர் நடுவே விரிக்க வேண்டுமே.

மேங்கிளைப் பற்றியும் ஒரு வார்த்தை. விரிப்பு போன்ற தட்டைத் துணிகளை இரண்டு மர உருளைக்கு நடுவே விட்டுக் கைச்சக்கரத்தைச் சுற்றி மடிப்பெடுக்கும் இயந்திரம். விலை அதிகம், ஏழை வீட்டுக்குக் கட்டாது. புருஷன் செத்துப்போனால் அந்த விதவைக்குத் தெருவே காசு சேர்த்து ஒரு மேங்கிள் வாங்கிக் கொடுக்கும். ஜன்னலில் ‘இங்கே மேங்கிள் செய்யப்படும்’ என்று அட்டை தொங்கவிட்டு, டஜனுக்கு இவ்வளவு என்று வாங்கி அவள் பிழைத்துக்கொள்வாள். விதவை உதவித்தொகை 1920களில்தான் வந்தது என்பதை நினைத்தால், அந்தச் சக்கரத்துக்கு என்ன மதிப்பு என்பது புரியும்.

பிரபு மாளிகையில் சலவை தனிக் கட்டடம். நீராவியும் நாற்றமும் எஜமானர் அறைக்கு வராத தூரத்தில். ஈரச் சலவை அறையில் கல்தரை, தொட்டிகள், காப்பர்கள். உலர் சலவை அறையில் இஸ்திரி அடுப்பும் கம்பளி போர்த்திய நீள மேசையும். அடுத்து வெப்ப அறை, பின்னால் வெளுப்புக்கான புல்வெளி. பெட்டி மேங்கிள் இங்கேதான் பார்க்கலாம்: கட்டில் அளவு மரப்பெட்டி நிறையக் கல்லை ஏற்றி, துணி சுற்றிய உருளைகள்மேல் அதை முன்னும் பின்னும் உருட்டுவார்கள். நூற்றுக்கணக்கான கிலோ எடை மேலே ஏறுவதால் லினன் விரிப்புக்குப் பட்டுப்போன்ற மினுக்கம் வரும், சூடே வேண்டாம். தலைமைச் சலவைப்பெண், அவள் கீழே இரண்டு மூன்று பேர், 1860களில் ஆளுக்கு ஆண்டுக்குப் பத்துப் பவுண்டுக்கு அக்கம்பக்கம் சம்பளம், தங்க இடமும் சோறும். மேற்பார்வை செய்யும் ஹவுஸ்கீப்பர் கண்ணுக்கு எட்டாத கட்டடம் என்பதால் மற்ற வேலைக்காரிகளுக்கு இல்லாத சுதந்திரம் இவர்களுக்கு.

வர்க்கம் துணியிலேயே தைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு விரிப்பின் மூலையிலும் சிவப்பு நூலில் குறுக்குத் தையலால் குடும்ப எழுத்து, வாங்கிய ஆண்டு, வரிசை எண். எண்படி சுழற்சியாக எடுத்தால்தான் எல்லாம் ஒரே சீராகத் தேயும். குடும்பத்துக்கு மெல்லிய லினன், வேலையாட்களுக்கு முரட்டுத் துணி, இரண்டும் ஒரே தொட்டியில் விழாது. லண்டனில் தங்கும் மாதங்களில் நகரச் சலவைக்காரர்களை நம்பாமல் கூடையில் கட்டி ரயிலில் கிராமத்து மாளிகைக்கு அனுப்பி, வெளுத்ததைத் திருப்பி எடுத்தார்கள். அரண்மனைத் துணிகளுக்கும் விக்டோரியா காலத்தில் ரிச்மண்டில் தனிச் சலவைக்கூடம் இருந்தது, வின்ஸர் கோட்டையிலிருந்து மூட்டைகள் ரயிலில்தான் அங்கே போயின.

நம்பாததற்குக் காரணம் உண்டு. வெளியே போன மூட்டை யார் வீட்டு அறையில், எந்த நோயாளியின் விரிப்போடு ஊறுகிறது என்று தெரியாது. அம்மைக்கும் விஷக்காய்ச்சலுக்கும் பயந்தார்கள். மேற்கு லண்டனின் தெற்கு ஆக்டனில் நூற்றுக்கும் மேற்பட்ட சலவையகங்கள் நெருக்கியடித்து நின்றன, ‘சோப்புநுரைத் தீவு’ என்றே அந்த இடத்துக்குப் பட்டப்பெயர். நகரத்தின் வசதியானவர்கள் திங்களன்று அழுக்கு அனுப்பி, வார இறுதியில் வெளுப்பு எதிர்பார்த்ததால், வாரத் தொடக்கத்தில் வேலையில்லை, வியாழன், வெள்ளியில் தூக்கமில்லை. தொழிற்சாலைச் சட்டம் சலவையகங்களை 1895 வரை எட்டிப் பார்க்கவேயில்லை. அப்போதும் பெண்களுக்கு நாளொன்றுக்குப் பதினான்கு மணி நேரம், வாரத்துக்கு அறுபது மணி நேரம் வரை அனுமதித்தது. வெந்நீராவி நிறைந்த அறையில், நனைந்த தரையில் நின்றபடி பதினான்கு மணி நேரம். அந்தச் சட்டத்தைச் சீர்திருத்தம் என்று சொல்ல வாய் வரவில்லை.

1884இல் வில்லியம் லீவர் சன்லைட் என்ற பெயரைப் பதிந்து, பாளமாக வெட்டி விற்ற சோப்பைச் சிறு கட்டியாக்கிக் காகிதம் சுற்றி விற்றார். மாட்டுக்கொழுப்பைக் குறைத்துத் தேங்காயெண்ணெய் போன்ற தாவர எண்ணெய்களைக் கூட்டியதால் நுரை எளிதில் வந்தது. உலர்த்திவைக்கும் வேலை போனது. சில ஆண்டுகளில் அது கல்கத்தாவுக்கும் கப்பலேறிவிட்டது. ஆனால் சோப்பு மாறியதே தவிர முறை மாறவில்லை. காப்பரும் டாலியும் மேங்கிளும் பல தொழிலாளர் வீடுகளில் இரண்டாம் உலகப்போர் கடந்தும் ஓடின. காசு போட்டால் இயந்திரம் துவைக்கும் முதல் கடை லண்டன் குவீன்ஸ்வேயில் 1949 மே மாதத்தில்தான் திறந்தது.

நேரில் பார்க்க வேண்டுமானால் வேல்ஸின் ரெக்ஸம் அருகே எர்டிக் மாளிகையில் ஈர, உலர் சலவை அறைகளும் பெட்டி மேங்கிளும் அப்படியே இருக்கின்றன. யார்க்ஷயரின் பெனிங்ப்ரோ ஹாலிலும் ஒரு விக்டோரியச் சலவைக்கூடம் உண்டு. இரண்டும் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் பொறுப்பில் உள்ளவை. போகுமுன் சலவைப் பகுதி அன்று திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.